பாதி ஏரியில் திரும்பிய வாத்து

"தாயே, என் வாத்து பாதி ஏரியிலேயே திரும்பிடுது."

"மீதி ஏரிக்கு என்ன ஆச்சு?" என்றாள் குந்தாணியம்மா.

"மீதி ஏரி அங்கேயேதான் இருக்கு. வாத்துதான் போக மாட்டேங்குது."

"அப்போ ஏரி மேல குத்தமில்லை" என்று சொல்லி, தில்லைவனம் கொண்டுவந்திருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

அவர் மண்ணில் உட்கார்ந்தார். பக்கத்தில் கூடை. கூடைக்குள் வாத்து.

குந்தாணியம்மா அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். ஏரி மதகுக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட ஒரு மரக் குந்தாணியின் மேல் உட்கார்ந்திருப்பாள். நெல் குத்துவதை விட்டுவிட்ட பெரிய உரல் அது. அவள் அசையாமல் உட்கார்ந்த உட்காரலில் ஒரு மழைக்காலத்தில் அது துளிர்விட்டது என்று ஊரில் பேச்சு. மரமே முளைத்தது என்பவர்களும் உண்டு. அதெல்லாம் மிகைப்படுத்தல். ஒரே ஓர் இலைதான்.

அவளிடம் கேள்வியோடு போனவர்கள் உண்டு. பதிலோடு திரும்பியவர்கள் இல்லை. கோபம் அடங்க வழி கேட்டுப் போன ஒரு மிராசுதாரை ஈர விறகு போட்டு அடுப்பு ஊதச் சொன்னாளாம். ஊதி ஊதி அவருக்குக் கண் எரிந்தது, அடுப்பு எரியவில்லை. ஊருக்குப் போன பிறகு அந்த மனிதர் யார் மேலும் எரிந்து விழவில்லை என்கிறார்கள். மூச்சு மிச்சமில்லை என்பதுகூடக் காரணமாக இருக்கலாம்.

"வாத்துக்குப் பேர் என்ன?" என்று கேட்டாள்.

"டிக்கெட்டு."

அவள் கடலையை வாயில் போட மறந்தாள்.

அதற்கு ஒரு கதை உண்டு. தில்லைவனம் வாழ்நாளெல்லாம் பஸ் கண்டக்டர். அவருடைய விசில் அந்த வட்டாரத்தில் பிரசித்தம். ஒற்றை விசில் ஊதினால் நிற்க வேண்டும், இரட்டை விசில் ஊதினால் கிளம்ப வேண்டும். இது பஸ்ஸுக்குத்தான் சட்டம். ஆனால் அவர் ஒருமுறை ஒற்றை விசில் ஊதியபோது எதிரே வந்த கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை ஏறியிருந்த குதிரையும் நின்றுவிட்டது. தட்டினார்கள், கெஞ்சினார்கள், வெல்லம் காட்டினார்கள். நகரவில்லை. பஸ் போய்த் திரும்பி வந்து, அவர் இரட்டை விசில் ஊதிய பிறகுதான் குதிரை கால் எடுத்து வைத்தது. முகூர்த்தம் தவறியது. மாப்பிள்ளை தப்பித்தான் என்று சிலர் சொன்னார்கள்.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற அன்று, கழுத்தில் மாலையோடு நடந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வயல் விட்டு வயல் மேயப் போகும் வாத்துக் கூட்டம் ஒன்று ரோட்டைக் கடந்தது. பின்னால் லாரி. கை தானாகப் போனது. ஒரு விசில்.

லாரி நின்றது. வாத்துகள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன. ஒரே ஒரு குஞ்சு மட்டும் நடுரோட்டில் நின்றுவிட்டது.

வாத்து மேய்ப்பவன் விரட்டிப் பார்த்தான். அசையவில்லை. "ஐயா, என் பேச்சைக் கேக்கல, உங்க பேச்சைக் கேக்குது. நீங்களே வச்சுக்குங்க" என்று போய்விட்டான்.

தில்லைவனத்துக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க நாள் குறித்தபோதெல்லாம் டூட்டி இருந்தது. காலமெல்லாம் கூட்டத்தில் நசுங்கியவர், வீட்டில் தனி ஆள். அன்று வீட்டுக்குள் நுழையும்போது பின்னால் ஒரு டிக்கெட்டு ஏறியிருந்தது.

"அப்புறம்?" என்றாள் குந்தாணியம்மா.

"அப்புறம் நல்லாத்தான் இருந்தோம் தாயே. ஒத்தை விசில் அடிச்சா நின்னு, திரும்பி வரும். ரெட்டை விசில் அடிச்சா மேயப் போகும். இந்த மழைக்கு அப்புறம்தான் வினை. ஏரி நிறைஞ்சுது. சிறகி வந்து இறங்குச்சு."

சிறகி என்பது சின்னக் காட்டு வாத்து. செம்பழுப்பு நிறம், நீண்ட கழுத்து. பகலெல்லாம் ஏரி நடுவே கூட்டமாக மிதந்து தூங்கும். பொழுது சாய்ந்தால் கிளம்பி, சீழ்க்கை அடித்துக்கொண்டே வயல்களுக்கு மேயப் போகும்.

"தினம் சாயங்காலம் அதுங்க எங்க வீட்டுக்கு மேல பறக்கும். அப்போ இதுக்குப் பைத்தியம் பிடிக்குது. வாசலுக்கு ஓடுது. கழுத்தை நீட்டி வானத்தைப் பாக்குது. றெக்கையைப் படபடன்னு அடிக்குது. வீட்டு வாத்து பறக்குமா? விழுந்து எழுந்துக்குது. நான் ஒரு விசில் அடிச்சு நிறுத்துறேன். நின்னுடுது. ஆனா தவிட்டைத் தொட மாட்டேங்குது. தூக்கிப் பாருங்க, காத்தாட்டம் இருக்கு."

அவள் தூக்கிப் பார்க்கவில்லை. வாத்து அவளைப் பார்த்தது.

"தன் இனத்தைத் தேடுதுன்னு புரிஞ்சுது. சரி, சேர்த்து வைப்போம்னு தினம் காலையில சைக்கிள்ல கூட்டிட்டு வரேன். ரெட்டை விசில் அடிக்கிறேன். இறங்கி ஜம்முன்னு போகுது. அதோ, தண்ணிக்குள்ள பட்டுப்போன கருவேல மரம் தெரியுதில்ல? அது வரைக்கும்தான். திரும்பிடுது."

"தினமுமா?"

"தினமும். அதே மரம். ஏன் தாயே?"

குந்தாணியம்மா வேர்க்கடலைத் தொலி ஒன்றை விரலால் சுண்டினாள். அது காற்றில் போய்த் தண்ணீரில் விழுந்தது.

"பஸ்ல புதுசா ஒருத்தர் ஏறினா உள்ளே இருக்கிறவங்க என்ன செய்வாங்க?"

"முறைப்பாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் தள்ளி நிப்பாங்க."

"நாளைக்கு வாங்க" என்றாள்.

*

தில்லைவனம் இரவெல்லாம் இதையே மென்றார். கடைசியில் விஷயம் விளங்கிவிட்டது என்று முடிவு செய்தார். சிறகிகள் முறைக்கின்றன. ஏன் முறைக்கின்றன? இது வெள்ளை, அவை பழுப்பு.

விடிந்ததும் செம்மண்ணைக் குழைத்து வாத்தின் கழுத்து முதல் வால் வரை பூசினார். கண்ணைச் சுற்றி நிதானமாக விரலால் தீட்டினார். வாத்து பொறுத்துக்கொண்டது. ஒற்றை விசிலுக்கு நிற்கும் வாத்தாயிற்றே.

ஏரிக்கரையில் பிச்சாண்டியின் டீக்கடை. அவன் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

"என்ன கண்டக்டரே, வாத்து காவி கட்டிடுச்சா?"

"உன் வேலையைப் பாரு."

"காசிக்கா, ராமேஸ்வரத்துக்கா? எந்த ஊருக்கு டிக்கெட்டு?"

தில்லைவனம் இரட்டை விசில் ஊதினார். வாத்து இறங்கியது. அது போன வழியெல்லாம் தண்ணீரில் குங்குமம் கரைத்த மாதிரி ஒரு கோடு. கருவேல மரத்துக்குப் போய்ச் சேரும்போது பழையபடி வெள்ளை.

அங்கே திரும்பியது.

"ரிட்டர்ன் டிக்கெட்டு!" என்று கத்தினான் பிச்சாண்டி.

குந்தாணியம்மா முன்னால் ஈர வாத்தைக் கொண்டுபோய் வைத்தார். காலில் மட்டும் கொஞ்சம் செம்மண் ஒட்டியிருந்தது.

"காலையில சந்நியாசம் வாங்கி காலையிலேயே விட்டுடுச்சே" என்றாள். "நம்ம ஊர்ல இவ்வளவு நேர்மையா யாரும் விட்டதில்லை."

"கிண்டல் பண்ணாதீங்க தாயே. அதுங்க இதைச் சேர்த்துக்க மாட்டேங்குதுங்க."

"விரட்டிச்சா?"

"இல்லை."

"கொத்திச்சா?"

"கிட்டப் போனாத்தானே கொத்தும்?"

"அது திரும்பும்போது நீங்க என்ன செய்வீங்க?"

"ஊதுவேன். வழி தெரியணும் இல்லையா? வா வான்னு ஒரு விசில்."

"திரும்பினதும் ஊதுவீங்களா, ஊதினதும் திரும்புமா?"

தில்லைவனத்துக்குச் சுருக்கென்றது.

"என்ன தாயே இப்படிக் கேக்குறீங்க? எந்தக் கண்டக்டராவது தன் டிக்கெட்டைப் பாதி வழியில நிறுத்துவானா? அது திரும்பும், நான் ஊதுவேன். என் வண்டியில இத்தனை வருஷத்துல ஒரு உசுரு கீழே விழுந்ததில்லை. படியில நிக்கிறவன் கை நழுவினா எனக்கு இங்க தெரியும்." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "தெரிஞ்ச உடனே ஒரு விசில்."

"கை நழுவலைன்னா?"

"நழுவுமோன்னு தோணினாலே போதும். ஒரு விசில்."

"வண்டி ஊர் போய்ச் சேருமா?"

"சேரும். என்ன, கொஞ்சம் லேட்டா."

குந்தாணியம்மா தலையாட்டினாள். வேர்க்கடலை கேட்டாள். அன்றைக்கு அவர் கொண்டுவரவில்லை.

"அப்போ பதிலும் கொஞ்சம் லேட்டா வரும்" என்றாள்.

*

அன்று மாலை சிறகிகள் வீட்டுக்கு மேல் பறந்தன. டிக்கெட்டு ஓடியது. சிறகடித்தது, விழுந்தது. தில்லைவனம் விசிலைத் தொட்டார். ஊதத் தேவை இருக்கவில்லை. வாத்து தானாகவே நின்றுவிட்டது. கழுத்தைக்கூட நீட்டவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து அலகை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டது.

தவிட்டில் வெல்லம் கலந்து கொடுத்தார். தொடவில்லை. கருவாட்டுத் தூள் தூவினார். தொடவில்லை. கடைசியில் அவரே பக்கத்தில் உட்கார்ந்து, "பாரு, நான் சாப்பிடுறேன்" என்று தவிட்டை வாயில் போட்டுக் காட்டினார். அது கண்ணைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டது. அவர் மட்டும் சாப்பிட்டதாக ஆயிற்று.

காலையில் கூடையைத் தூக்கியபோது கூடை மட்டுமே கனத்தது.

*

"இன்னைக்குப் பதில் சொல்லியே ஆகணும்" என்றார் தில்லைவனம். "இன்னும் ரெண்டு நாள் இப்படியே இருந்தா இது செத்துப்போகும். நீங்க குருவோ, குந்தாணியோ, எனக்குத் தெரியாது. சொல்லுங்க."

குந்தாணியம்மா எழுந்தாள்.

இது பெரிய செய்தி. அவள் எழுந்து நின்று பார்த்தவர்கள் அந்த ஊரில் குறைவு. பிச்சாண்டி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கரைமேல் ஏறி நின்றான்.

அவள் செம்பில் ஏரித் தண்ணீரை மொண்டாள்.

"அனுப்புங்க" என்றாள்.

தில்லைவனம் வாத்தைத் தூக்கிக் கரையோரம் விட்டார். அது நின்றது. இரட்டை விசில் ஊதினார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இறங்கியது.

"வாயைத் திறங்க."

"எதுக்கு?"

"திறந்துட்டீங்களே" என்று செம்பைக் கவிழ்த்தாள். வாய் நிறையத் தண்ணீர். கன்னம் இரண்டும் உப்பின.

"துப்பக் கூடாது. முழுங்கக் கூடாது."

"ம்ம்?"

"எவ்வளவு நேரமா? டிக்கெட்டு இறங்குற வரைக்கும்."

தில்லைவனம் ஏரியைப் பார்த்தார். வாத்து மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பழைய வேகம் இல்லை. அல்லி இலைகளைத் தாண்டியது. அலை கொஞ்சம் பெரிதாக இருந்த இடத்தில் ஒருமுறை ஆடியது.

அவருக்கு நெஞ்சில் தெரிந்தது. கை நழுவப் போகிறது.

கருவேல மரம் நெருங்கியது. அதற்கு அப்பால் ஆழம். அதற்கு அப்பால் கூட்டம். அத்தனை கழுத்துகள், ஒன்றைக்கூடத் தெரியாது. கொத்துமோ. இழுத்துக்கொண்டு போய்விடுமோ. போனால் திரும்புமோ.

இப்போது திரும்பிவிடும் என்று நினைத்தார். இதோ, மரத்தடி. இதோ திரும்பப் போகிறது.

'களக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அவருடைய வாயிலிருந்து.

விசில் வாயில் இருந்தது. எப்போது வந்தது, யார் வைத்தது, தெரியாது. கை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. கன்னத்தில் இருந்த தண்ணீரில் பாதி அதற்குள் புகுந்து, உள்ளே இருந்த உருண்டை நனைந்து கிடந்தது. அவர் ஊதியிருந்தார். பலமாக ஊதியிருந்தார். மாப்பிள்ளைக் குதிரை நின்ற அதே பலம்.

சத்தம் வரவில்லை.

டிக்கெட்டு மரத்தைத் தாண்டிப் போனது.

தில்லைவனம் தன் கையைப் பார்த்தார். யாரோ ஒருவரின் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு திரும்பிக் குந்தாணியம்மாவைப் பார்த்தார். அவள் புடவை முந்தானையில் கடலை மிச்சம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள்.

ஏரி நடுவே சிறகிகள் கழுத்தைத் தூக்கின. ஒரே நேரத்தில் அத்தனையும். முறைத்தன. அதில் சந்தேகமே இல்லை, கரையிலிருந்தே தெரிந்தது.

டிக்கெட்டு நின்றது.

தில்லைவனத்தின் கண்ணில் தண்ணீர் நிறைந்தது. வாயில் ஏற்கெனவே மிச்சம் இருந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு நின்றார்.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு சிறகி கொஞ்சம் நகர்ந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்தது, முனகிக்கொண்டே, அதுவும் நகர்ந்தது. ஒரு வாத்து உட்காரும் அளவுக்கு நடுவில் தண்ணீர் தெரிந்தது.

டிக்கெட்டு அதில் போய்ப் பொருந்தியது.

பழுப்புக்கு நடுவில் ஒரு வெள்ளை. யாரும் கொத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் பழுப்புக் கழுத்துகள் ஒவ்வொன்றாக இறங்கித் தூங்கப் போயின.

அப்போது வெள்ளை வால் ஒன்று மேலே எழும்பியது. தலை தண்ணீருக்குள். இரண்டு மஞ்சள் கால்கள் காற்றில் உதைத்தன. வெளியே வந்தபோது அலகில் பாசி தொங்கியது. விழுங்கியது. மறுபடி வால் மேலே.

"சாப்பிடுதுய்யா!" என்று கரையிலிருந்து கத்தினான் பிச்சாண்டி. "கண்டக்டரே, உங்க வாத்து சாப்பிடுது!"

"ம்ம்! ம்ம்!" என்றார் தில்லைவனம். வாயைத் திறக்க முடியாதே.

குந்தாணியம்மா அவரைப் பார்த்தாள்.

"டிக்கெட்டு இறங்கிடுச்சு" என்றாள். "முழுங்குங்க."

விழுங்கினார். பெரிய மடக்கு. தொண்டையில் ஏறி இறங்கியது வெளியே தெரிந்தது.

"இனிமே வராதா தாயே?"

அவள் வானத்தைப் பார்த்தாள், ஏரியைப் பார்த்தாள். "விசில் உங்ககிட்டத்தானே இருக்கு. ஊதுங்க" என்றாள்.

தில்லைவனம் விசிலைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். உள்ளே இருந்த தண்ணீர் சொட்டியது. வேட்டி நுனியால் துடைத்தார். ஊதிப் பார்க்காமல் காதருகே வைத்து ஆட்டினார். உருண்டை உருண்டது.

உதட்டில் வைத்தார்.

ஒன்று ஊதினால் வந்துவிடும். நிச்சயம் வந்துவிடும். அதைவிட நிச்சயமாக அவருக்கு உலகத்தில் ஒன்றும் தெரியாது.

ஒன்று ஊதினார்.

ஏரி நடுவே வெள்ளைத் தலை திரும்பியது.

மூச்சு விடாமல் இன்னொன்றும் ஊதினார்.

இரட்டை விசில்.

அவ்வளவுதான், தூங்கப் போன சிறகிகள் அத்தனையும் விழித்துக்கொண்டன. இத்தனை நாள் வராத பதில் வந்தது. ஒவ்வொரு தொண்டையிலிருந்தும் இரண்டு இரண்டாக. சீ-சிக். சீ-சிக். ஏரி முழுக்க, கரை முழுக்க, மதகு அதிர, ஆயிரம் கண்டக்டர்கள் ஒரே நேரத்தில் வண்டியைக் கிளப்புவது போல இரட்டை விசில்.

தில்லைவனம் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்.

இதே சத்தம். தினம் சாயங்காலம், வீட்டுக் கூரைக்கு மேல்.

"தாயே" என்றார் மெதுவாக. "அப்போ, இத்தனை நாளா மேல இருந்து அதுங்க இதுக்கு ரெட்டை விசில்…"

குந்தாணியம்மா குந்தாணிமேல் போய் உட்கார்ந்திருந்தாள். முந்தானையில் ஒரே ஒரு கடலை கிடைத்திருந்தது. அதைத் தொலி நீக்கி இரண்டாகப் பிளந்து, பாதியை அவரிடம் நீட்டினாள்.

கரைமேலிருந்து பிச்சாண்டி இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கத்தினான்.

"கண்டக்டரே! ரெட்டை விசில் அடிச்சிட்டீங்களே, வண்டி எங்கே போகுது?"

அந்த வட்டாரத்தில் எந்த ஊருக்கும் வழி சொல்லத் தெரிந்த தில்லைவனம், பாதிக் கடலையை வாயில் போட்டுக்கொண்டு காலிக் கூடையைச் சைக்கிளில் மாட்டினார்.

"தெரியலையே!" என்று பதிலுக்குக் கத்தினார். "வா, ஏறு!"